பெயருக்கு முன்னால் பதவி இல்லாத விமானிக்கு

அன்புள்ள கெர்ட்ரூட் டாம்ப்கின்ஸ் சில்வர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயருக்கு முன்னால் லெப்டினன்ட் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் எழுத வழியில்லை. அமெரிக்க இராணுவத்தின் மஸ்டாங் போர் விமானத்தை ஓட்டிய உங்களுக்கு அந்த இராணுவத்தில் ஒரு பதவியும் கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது 'வாஸ்ப்' என்ற மகளிர் விமானிகள் அமைப்பில் தாமாக முன்வந்து சேர்ந்த நீங்கள் அனைவரும் ஏட்டளவில் சிவில் ஊழியர்கள்தாம். 25,000 பேர் விண்ணப்பித்து, 1,074 பேர் மட்டுமே தேறிய பயிற்சியை முடித்த பிறகும் அதே நிலைதான்.

1944 அக்டோபர் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் மைன்ஸ் ஃபீல்டிலிருந்து புத்தம் புதிய பி-51டி மஸ்டாங் விமானத்தில் தனியாகக் கிளம்பினீர்கள். திருமணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முதலில் பாம் ஸ்பிரிங்ஸ், பிறகு நாட்டின் குறுக்கே பறந்து நியூவார்க். அங்கிருந்து விமானம் கப்பலேறி ஐரோப்பியப் போர்முனைக்குப் போக வேண்டும். நீங்கள் பாம் ஸ்பிரிங்ஸ் போய்ச் சேரவில்லை. அதைவிடக் கொடுமை, போய்ச் சேரவில்லை என்பதையே சில நாட்கள் எவரும் கவனிக்கவில்லை. ஆவணப் பதிவில் நேர்ந்த பிழை என்றார்கள். தேடுதல் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது.

பிழை யாருக்கும் நேரலாம். ஆண் விமானிக்கும் நேர்ந்திருக்கலாம். என் மனம் ஆறாமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்ததை எண்ணித்தான். அந்நாளில் இராணுவப் பதவியில் இருந்த ஒருவர் காணாமல் போனால், 1942 மார்ச்சில் வந்த சட்டப்படி அவருடைய சம்பளம் நிற்காது. அவரை நம்பியிருப்பவர்களுக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும். 12 மாதம் கழிந்தால் அவர் நிலையை மறுபடி ஆராய்ந்து முடிவு சொல்ல வேண்டும். அன்று 10,000 டாலர் வரை அரசுக் காப்பீடும் எடுத்துக்கொள்ள முடிந்தது. உங்களுக்கு அந்தக் காப்பீட்டில் சேரவே தகுதியில்லை. தோளில் குத்தும் பட்டையைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. ஆள் திரும்பாவிட்டால் வீட்டாருக்கு யார் பதில் சொல்வது என்பதையும் சேர்த்துத்தான் பதவி என்கிறேன்.

பணியில் உயிரிழந்த உங்கள் தோழியர் உங்களையும் சேர்த்து 38 பேர். ஒருத்தியின் உடலை ஊருக்கு அனுப்ப மற்றவர்கள் கைக்காசைத் திரட்டியதும் உண்டு. சவப்பெட்டியின் மேல் தேசியக் கொடி போர்த்த உரிமை இல்லை. மகனைப் போரில் இழந்த வீடு சன்னலில் பொன் நட்சத்திரம் தொங்கவிடும். மகளை இழந்த இந்த வீடுகளுக்கு அந்த உரிமையும் இல்லை.

பதவி கொடுக்க ஒரு வாய்ப்பு வந்தது. நீங்கள் காணாமல் போவதற்கு நான்கு மாதம் முன்பு, 1944 ஜூனில், உங்கள் அமைப்பை இராணுவத்தோடு சேர்க்கும் மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. விமானப்படைத் தளபதி ஆர்னால்டே அதை ஆதரித்தார். ஆனால் பயிற்சிப் பள்ளிகள் மூடப்பட்டதால் வேலையிழந்த ஆண் பயிற்றுநர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 188க்கு 169 என்று மசோதா தோற்றது. வெறும் 19 வாக்கு! நீங்கள் மறைந்து 55ஆம் நாள், டிசம்பர் 20 அன்று, அமைப்பையே கலைத்துவிட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில், இராணுவ விமானங்களைப் பெண்கள் முதன்முறையாக ஓட்டப்போகிறார்கள் என்று விமானப்படை அறிவித்தது. முதன்முறையாக! உங்கள் தோழியர் கொதித்தெழுந்தார்கள். 1977இல் உங்கள் பணியை ஏற்க வழிசெய்யும் சட்டம் வந்தது. 1979இல்தான் உங்கள் பணி இராணுவப் பணி என்று ஏற்கப்பட்டது, பணிவிடுப்புச் சான்றிதழ்களும் கிடைத்தன. 2010 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டபோது, தள்ளாத வயதிலும் ஏராளமானோர் வந்திருந்தார்கள்.

அந்த 38 பேரில் இன்னும் கிடைக்காதவர் நீங்கள் ஒருவர்தான். லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய சாண்டா மோனிக்கா விரிகுடாவில் உங்கள் விமானம் விழுந்திருக்கலாம் என்று முக்குளிப்பவர்கள் இறங்கித் தேடியிருக்கிறார்கள். நீங்கள் கிளம்பிய மைன்ஸ் ஃபீல்டுதான் இன்றைய லாஸ் ஏஞ்சலிஸ் பன்னாட்டு விமான நிலையம். நான் ஒரு முறை அங்கிருந்து புறப்பட்டிருக்கிறேன். விமானம் மேற்கே கடலின் மேல் ஏறித்தான் திரும்பியது. அப்போது உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. சன்னலைக்கூட மூடி வைத்திருந்தேன்.

ஒருநாள் அந்த மஸ்டாங் கிடைக்கட்டும். இப்போது கொடி போர்த்த உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அன்புடன்,
உங்களுக்குப் பல ஆண்டு பின்னால் பிறந்த ஒருத்தி