பத்து மில்லி ரத்தம் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

போன வாரம் என் முனைவர் பட்ட ஆய்வேடு ஏற்கப்பட்டது. அதன் முதல் பக்கங்களில் வழிகாட்டிக்கும், நிதி கொடுத்தவர்களுக்கும், துறைக்கும் முறைப்படி ஆங்கிலத்தில் நன்றி எழுதியிருக்கிறேன். அந்த வேலை யாரால் நடந்ததோ, அவர்களில் பலர் அந்தப் பக்கத்தைப் பார்க்கப்போவதில்லை. பார்த்தாலும் அவர்கள் பெயர் அதில் இருக்காது. உங்கள் பெயர் எனக்கே தெரியாது, குழாயில் ஒட்டிய எண்தான் தெரியும். அதனால்தான் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

முதலில், எச்.ஐ.வி.க்கு மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் என் ஆய்வுக்கு முதன்முதலாக ரத்தம் கொடுத்த அக்காவுக்கு. காலை எட்டு மணிக்கே வரிசை நீண்டிருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். இன்னொரு பத்து மில்லி என் ஆய்வுக்கு வேண்டும் என்று ஒப்புதல் படிவத்தை வாசிக்கத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்தினீர்கள். "படிச்சது போதும்மா. எதுக்குன்னு புரியுற மாதிரி சொல்லு."

சொன்னேன். நம் செல்லின் மேல் சர்க்கரை முளைத்திருக்கும், அந்தச் சர்க்கரையைப் பிடிக்கிற புரதங்களைப் பற்றித்தான் படிக்கிறேன் என்றேன். உங்கள் முகம் மாறிப்போனது. "எனக்கு சுகர் வேற இருக்கா?" என்று கேட்டீர்கள்.

பக்கத்து மேசையில் இருந்த கவுன்சலர் அக்கா எழுந்து வந்து உங்கள் தோளில் கை வைத்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "இங்க சர்க்கரைன்னா வியாதி. பூச்சுன்னு சொல்லுங்க" என்றார். அன்று மாலையே படிவத்தைத் திருத்த உட்கார்ந்தோம். வரிக்கு வரி அவர்தான் மாற்றினார். மாற்றியதை நெறிமுறைக் குழு முழுவதுமாக வாசித்து ஒப்புக்கொண்டது. அந்தக் குழுவுக்கும் என் நன்றி. என் ஆய்வில் நான் பெருமைப்படும் பக்கங்களில் அந்தப் படிவமும் ஒன்று.

அன்று உங்களிடம் சரியாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். எச்.ஐ.வி. கிருமியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஜி.பி.120 என்ற புரதத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி இந்தப் பூச்சுதான். கிருமி அதைச் சொந்தமாகச் செய்துகொள்வதில்லை. நம் செல்லுக்குள் இருந்து நம் செல்லே செய்கிற பூச்சைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. நம் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் வீட்டிலேயே திருடன் நடமாடினால் நாய் எப்படிக் குரைக்கும்? எதிர்ப்பணுக்கள் திணறுவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

ஆனால் இந்தப் பூச்சைத் தொட்டுப் பிடிக்கவே நம் உடம்பில் புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு லெக்டின் என்று பெயர். கிருமியைப் பிடிப்பது நல்லதுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும். 2000இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் தேயோ கெய்டென்பேக்கும் அவருடன் இருந்தவர்களும் வேறொன்றைக் கண்டார்கள். உடம்புக்குள் நுழையும் கிருமியைக் கண்காணிக்கும் டென்ட்ரைட்டிக் செல்லின் மேல் இருக்கும் டி.சி.சைன் என்ற லெக்டின் எச்.ஐ.வி.யைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை அழித்துவிடாமல், கிருமி தேடிக்கொண்டிருக்கும் டி செல் என்ற வெள்ளையணுவிடமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. 2005இல் கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் சச்சிகோ சாட்டோவின் குழு கேலக்டின்-1 என்ற இன்னொரு லெக்டினைப் பற்றி எழுதியது. கிருமி டி செல்லோடு ஒட்டுவதை அது இன்னும் கெட்டிப்படுத்துகிறது. அதே குடும்பத்துக் கேலக்டின்-3 அப்படிச் செய்வதில்லை. ஒரே பூச்சுதான், பிடிக்கிற கை மாறினால் விளைவும் மாறிவிடுகிறது. இந்த ஒரு விஷயம்தான் என்னை இத்தனை வருடம் விடாமல் பிடித்து வைத்திருந்தது.

அடுத்து எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் ஐயாவுக்கு.

கேலக்டின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய, எளிய சோதனை உண்டு. சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் முயலின் சிவப்பணுக்களை விட்டு, அதோடு புரதத்தைச் சேர்க்க வேண்டும். புரதம் வேலை செய்தால் அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு குழி முழுக்க ஜமக்காளம் விரித்ததுபோல் பரவி நிற்கும். செய்யாவிட்டால் உருண்டு இறங்கி, அடியில் சிவப்புப் பொத்தானாக உட்கார்ந்துவிடும். ஏழு மாதம் எனக்குப் பொத்தான்தான் வந்தது. புரதத்தை மறுபடி மறுபடி புதிதாகத் தயாரித்தேன். முயலை மாற்றினேன், தட்டை மாற்றினேன். ஆய்வையே மாற்றிக்கொள்ளலாமா என்று வழிகாட்டியிடம் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் என் மேசையில் இருந்த, புரதத்தைக் கரைத்து வைக்கும் பஃபர் திரவத்தின் பாட்டிலை எடுத்த ஐயா, மூடியைத் திறந்து முகர்ந்தார். "இதுல நாத்தமே வரலியேம்மா. முன்னாடி இருந்தவங்க பாட்டில கழுவுனா குடலப் பிடுங்குமே" என்றார்.

கேலக்டின்-1 காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். அதைத் தடுக்கத்தான் பஃபரில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கிறோம். மூடி சரியாக இறுகாததால் அது பறந்தும் கெட்டும் போயிருந்தது. நாற்றம் இல்லையென்றால் காவல் இல்லை. மறுநாள் புது பாட்டில் உடைத்தோம், அந்த வாரமே ஜமக்காளம் விரிந்தது. ஐயா, பதினைந்து வருடம் அந்தப் பாட்டில்களைக் கழுவிய மூக்கு உங்களுடையது. என் பட்டத்தில் அதற்குப் பங்கு உண்டு.

அந்த வாரம் பார்த்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது இன்றும் அதிசயம்தான். விரிந்த தட்டில் பால் சர்க்கரையான லாக்டோஸைக் கொஞ்சம் கலந்தால், கேலக்டின் அணுக்களை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். ஜமக்காளம் கலைந்து மறுபடி பொத்தானாகும். நாம் காப்பியில் போடுகிற சர்க்கரையைக் கலந்தால் அசைந்தே கொடுக்காது. அந்தப் புரதத்துக்கு ஆள் அடையாளம் அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை தண்ணீரில் கிடந்தபோது, உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளையணுக்கள் எல்லாம் திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் இருந்தன. தொட்டிக்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் நைட்ரஜன் நாளுக்கு நாள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். என்னால் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. இரவுக் காவலர் அண்ணன் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மர அளவுகோலை உள்ளே விட்டு எடுத்து, பனி பூத்த உயரத்தைப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். "ஒன்பது விரல்கடைம்மா", "ஏழு விரல்கடைம்மா" என்று குரல் வரும், பிறகு சிக்னல் போய்விடும். நான்கு விரல்கடையில் நைட்ரஜன் கேனோடு டெம்போ வந்துசேர்ந்தது. முழங்கால் தண்ணீரில் கேனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்த அந்த ஓட்டுநருக்கும் காவலர் அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்த அணுக்களைக் கொடுத்தவர்களில் இரண்டு பேர் இன்று இல்லை. அவர்கள் கொடுத்தது வீணாகாமல் காத்தது நீங்கள்.

இந்த ஊரில் இப்படி ரத்தத்தைக் காப்பாற்றியவர்கள் எனக்கு முன்பே உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் சொல்ல, அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் சேகரித்தார். அதைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று அப்படித்தான் தெரியவந்தது. அந்தப் பெண்களின் பெயரும் யாருக்கும் தெரியாது. என் தொட்டியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

அம்மாவுக்கு இங்கே ஒரு வரி போதாது. அதை வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா, கடைசியாக உங்களுக்கு. அன்று கிளம்பும்போது, "என் ரத்தத்துல என்ன இருந்துச்சுன்னு வந்து சொல்லுவியா?" என்று கேட்டீர்கள். எத்தனையோ பேர் எடுத்துப் போனார்கள், யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை என்றும் சொன்னீர்கள். மாத்திரையால் கிருமி அளவு கருவியில் தெரியாத அளவுக்கு இறங்கிய பிறகும், கேலக்டின்-9 என்ற புரதம் ரத்தத்தில் முழுதாக இறங்குவதில்லை. வெளிநாட்டு ஆய்வுகளில் சொன்ன இதையே நாங்களும் பார்த்தோம். கிருமி அடங்கினாலும் உடம்பு இன்னும் உஷாராகவே இருக்கிறது என்று அதற்குப் பொருள். மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பதில் எந்த மாற்றமும் இல்லை. இந்த ஆய்வால் உங்களுக்கு இன்றைக்கு ஒரு புது மருந்தும் கிடைக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆய்வேட்டைத் தமிழில் நான்கு பக்கமாகச் சுருக்கி எழுதியிருக்கிறேன். சர்க்கரை என்ற சொல் வரும் இடத்தில் எல்லாம் பூச்சு என்றே போட்டிருக்கிறேன். பிரதிகள் கவுன்சலர் அக்காவின் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. வாசிக்கச் சிரமமாக இருந்தால், அடுத்த மாதம் முழுக்கச் செவ்வாய்க்கிழமை காலைகளில் நான் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் குழாய்களில் எண் ஒட்டிய பெண்