முகாமுக்குப் போவதற்குமுன் ஃபெரிட்டின் பார்த்துவிடு

காட்பாடி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. குடியாத்தம் கடையை மாடிக்கும் விரித்துவிட்டாய் என்பதில் அவ்வளவு சந்தோஷம். மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது அதைவிடப் பெரிய சந்தோஷம். ஆனால், கணக்கு எழுத உட்கார்ந்தால் மனசு நிற்பதில்லை, ராத்திரி படுத்தால் கால் குறுகுறுவென்று இழுக்கிறது, வயசாகிறது போல என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வயசு மேல் பழி போடாதேடா. மூன்று மாதம் ஆனதும் ரத்தம் கொடுக்கக் கிளம்பிவிடுகிறவன் நீ. எனக்கு இரும்புச்சத்து மேல்தான் சந்தேகம்.

முகாமில் விரல் நுனியைக் குத்தி, ஒரு சொட்டை மயில்துத்த நீலக் கரைசலில் விடுவார்கள். சொட்டு தயங்காமல் அடிக்குப் போனால் ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறது, கொடுக்கலாம். சேமிப்பில் இரும்பு எவ்வளவு மிச்சம் என்பதை அந்தச் சொட்டு சொல்லாது. மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கும்போதே பாலாற்று மணலுக்கடியில் ஊற்று வற்றிக்கொண்டிருக்குமே, அப்படி. அந்த ஊற்றைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. அது 15க்குக் கீழே போனால் சேமிப்பு காலி. ஹீமோகுளோபின் நன்றாக இருந்தும் ஃபெரிட்டின் ஒற்றை இலக்கத்தில் நிற்கிற ரிப்போர்ட்டுகள் எங்கள் லேபில் எனக்குப் புதிதல்ல.

450 மில்லி ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். 2015ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இரும்பு மாத்திரை சாப்பிடாத கொடையாளர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு 168 நாள் ஆகியும் இரும்புச் சேமிப்பு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. நம் நாட்டில் ஆண்களுக்கு இடைவெளி 90 நாள்தான்.

இருக்கிற இரும்பை உடம்பு முதலில் ரத்தச் சிவப்பணுவுக்குத்தான் கொடுக்கும். மூளைக்கு டோபமைன் என்ற செய்தி கடத்தும் ரசாயனம் தயாரிக்கவும், நரம்பைச் சுற்றி மயலின் உறை கட்டவும் அதே இரும்பு வேண்டும். இரவில் கால் இழுப்பதற்கும் மூளையில் இரும்பு குறைவதற்கும் தொடர்பு உண்டு. உள்ளதைச் சொல்ல வேண்டும்: இங்கிலாந்தில் 45,000 கொடையாளர்களை இரண்டு வருடம் பார்த்த ஆய்வில், அடிக்கடி கொடுத்தவர்களுக்குச் சோர்வும் தலைசுற்றலும் கூடின, ஆண்களுக்குக் கால் குடைச்சலும் வந்தது. ஆனால் சிந்தனைத் திறன் சோதனைகளில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் உனக்கு மனசு நிற்காததற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்க்காமல் விடவும் மாட்டேன்.

உன்னைவிட உன் மகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. கல்லூரி முகாமில் முதல் ஆளாக நிற்பாள், உன் ரத்தமாயிற்றே. மாதாமாதம் வேறு இழக்கிற வயது. இரும்பு குறைந்த இளம்பெண்களுக்கு 16 வாரம் மாத்திரை கொடுத்துப் பார்த்த 2007 ஆய்வில், சேமிப்பு ஏறியவர்களுக்குக் கவனமும் நினைவும் நன்றாகவே முன்னேறின. படிக்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமா?

கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளியோடு வேலூருக்கு வந்து, தெரிந்தவர் யாருமில்லாமல் ஓ நெகட்டிவ் தேடி அலைகிறவர்கள் உன் போன்றவர்களை நம்பித்தான் இருக்கிறார்கள். இந்தத் தடவை மட்டும் கொடுக்காமல் விட்டுவிடு. மாத்திரையை நீயாக வாங்கி விழுங்காதே, டாக்டர் சொல்லட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை விட்டுவிடு, இரும்பை உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரைக்கு எலுமிச்சை பிழியச் சொல்லு, வாரம் ஒருநாள் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கிக் கொடுத்தால் தங்கச்சி செய்து தராதா?

வருகிற வாரம் ஒருநாள் காலையில் லேபுக்கு வந்துவிடு. மகளையும் கூட்டி வா, இருவருக்கும் சேர்த்தே எடுத்துவிடலாம்.

அன்புடன்,
முருகன்