கார் வயரில் கை வைக்கும் முன்

அன்புள்ள அம்மிணி,

புது காருக்கு ஃபாக் லேம்ப்பும் டேஷ்கேமும் மாட்டப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். தாராளமாக மாட்டு. ஆனால் கடைக்காரர் கட்டரை எடுத்துக்கொண்டு வயரை வெட்டப் போனால் அங்கேயே நிறுத்திவிடு. இத்தனை வருஷம் பட்டறையில் வயரோடு கிடந்தவன் சொல்கிறேன்.

அம்பாசடர் காலத்தில் பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், பல்பு, அவ்வளவுதான். எந்த வயரையும் சீவி, இன்னொன்றை முறுக்கி, டேப் சுற்றினால் ஓடும். இப்போது வரும் பல கார்களில் லைட் சுவிட்சைப் போட்டால் கரண்ட் நேராகப் பல்புக்குப் போவதில்லை. சுவிட்ச் ஒரு கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுக்கும், அதுதான் பல்பை எரியவிட்டு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்றும் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தக் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது முறுக்கிவிட்ட இரண்டு மெல்லிய வயர்களில். கேன் பஸ் என்பார்கள், ஜெர்மன் கம்பெனி பாஷ் 1986-லேயே கொண்டு வந்தது. அதில் இருப்பது ஒன்றரையிலிருந்து மூன்றரை வோல்ட்தான். என்ன வயர் என்று தெரியாமல் அதில் லைன் எடுத்தால் மீட்டரில் இருக்கிற எச்சரிக்கை விளக்கெல்லாம் எரியும், வண்டி ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம்.

அப்புறம் ஃபியூஸ். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும், 'செம வெளிச்சம்' என்று தலையில் கட்டும் 100 வாட் எட்டுக்கு மேல் இழுக்கும், ஜோடிக்கு நீயே கணக்குப் போடு. 10 ஆம்பியர் ஃபியூஸ் போனால் 20 போட்டு அனுப்பிவிடுவார்கள், லைட்டும் எரியும், நீயும் சந்தோஷமாக வந்துவிடுவாய். ஃபியூஸ் இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். அது உருகாவிட்டால் வயர் உருகும்.

கை ஜாயின்ட் இதைவிட மோசம். வெயிலில் டேப் பசை இளகி வழுக்கும், உள்ளே செம்பு கறுத்து லூசாகும், அந்த இடம் மட்டும் சூடேறும். இழுக்கும் கரண்ட் கூடவில்லையே, ஃபியூஸுக்கு எப்படித் தெரியும்? எத்தனையோ வண்டிகளில் டேப்பைப் பிரித்தால் பிளாஸ்டிக் வெந்த வாடைதான் முதலில் வரும்.

மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேக்குக்கு. கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப் ஊசியைக்கூட அதில் குத்தவிடாதே, ஏர்பேக் வெடித்துவிடும் அபாயம் உண்டு. டேஷ்கேமுக்கு சார்ஜர் சாக்கெட்டே போதும். வயரை முன்கண்ணாடி ஓரத் தூணுக்குள் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், அங்கே ஜன்னலோரம் திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அதற்குப் பின்னால் போகட்டும், குறுக்கே வேண்டாம்.

ஃபாக் லேம்ப்புக்கு உன் மாடலுக்கென்றே வரும் கப்ளர் கிட் கேள். கம்பெனி கப்ளரில் அப்படியே செருகிக்கொள்ளும், எதையும் வெட்ட வேண்டாம். அது கிடைக்காவிட்டால் தனி ரிலே (சுவிட்ச் சொன்னதும் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சாதனம்), தனி லைன், பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ். எர்த் வயரை வண்டி பாடியில் கொடுக்கச் சொல், பேட்டரி நெகட்டிவ் டெர்மினலில் பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார் இருந்தால் அதன்மேல் கட்டிவிடப் போகிறார்கள். வாரண்டிக்கு ஏதாவது பாதிப்பு வருமா என்று ஷோரூமில் முன்கூட்டியே கேட்டுவிடு.

ஃபியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்து, வேலைக்கு முன்னால் ஒரு போட்டோ, முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு காசு கொடு.

அப்பா