ஏழு நாள் லீவை வைத்து என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒருவருக்குச் சட்டப்படி உரிய சம்பள விடுப்பு 7 நாள்தான், அதையும் மூன்று மாதம் வேலை பார்த்த பிறகுதான் கேட்க முடியும், அப்புறம் வருடத்துக்கு ஒரு நாளாக ஏறி 14ஐத் தொடுவதற்கு எட்டாவது வருடம் வந்துவிடுகிறது. பல நிறுவனங்கள் தாங்களாகவே கூடுதலாகக் கொடுக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் துப்புரவாளர், பாதுகாவலர், கட்டுமானத் தொழிலாளி போன்றவர்கள் பேரம் பேசி லீவு வாங்கும் இடத்தில் இல்லை. சட்டம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் அவர்களுக்கு. வீட்டுப் பணிப்பெண்கள் வேலை நியமனச் சட்டத்துக்குள்ளேயே வருவதில்லை, அந்த ஏழு நாளும் அவர்களுக்குச் சட்டப்படி கிடையாது.

கடற்பாலத்தைத் தாண்டினால் மலேசியாவில் 8 நாளில் தொடங்கி, இரண்டு வருடம் ஆனதும் 12, ஐந்து வருடம் ஆனதும் 16 என்று போகிறது. ஆஸ்திரேலியாவில் நிரந்தர முழுநேர ஊழியருக்கு முதல் வருடமே நான்கு வாரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாடும் நான்கு வாரத்துக்குக் கீழே போகக் கூடாது. பிரான்சில் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டரை நாள் சேர்கிறது, இங்கே ஒரு வருடம் உழைத்துச் சேர்க்கும் லீவை அங்கே மூன்றே மாதத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவைப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். சரி, அங்கே தனியார் ஊழியர்களுக்கு ஒரு நாள்கூட சம்பள விடுப்பு கொடுக்க வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் இல்லைதான். அதைப் பார்த்து நாம் ஏன் ஆறுதல் அடைய வேண்டும்?

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. இந்தக் கணக்கு ஒரே முதலாளியிடம் இருக்கும் வரைதான். இருபது வருடம் உழைத்தவர் வேறு கம்பெனிக்கு மாறினால் சட்டத்தின் கண்ணில் அவர் புது ஆள், மறுபடியும் ஏழிலிருந்துதான். ஆட்குறைப்பில் வேலை போய் ஐம்பது வயதில் புது இடத்தில் சேர்பவருக்கும் இதே கதி. வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கும் பிள்ளையின் பள்ளி வேலைகளுக்கும் லீவு அதிகம் தேவைப்படுவது அந்த வயதில்தானே! பொங்கலுக்கு இங்கே பொது விடுமுறை இல்லை, அதற்கும் இந்த ஏழிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் தம்பிமார்களுக்கோ போக ஒரு நாள், வர ஒரு நாள் போனால் மிச்சம் ஐந்துதான்.

முதல் வருடத்திலேயே 14 நாள் என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். அதோடு, ஜப்பானில் 10 நாளோ அதற்கு மேலோ லீவு உள்ளவர் வருடத்தில் 5 நாளாவது அதை எடுப்பதை முதலாளியே உறுதிசெய்ய வேண்டும் என்று 2019 முதல் விதி இருக்கிறது. "இப்போ ஆள் பத்தாது, அடுத்த மாசம் பார்ப்போம்" என்று மேலாளர் சொல்லிச் சொல்லியே வருடம் ஓடிவிடும் இடங்களுக்கு அப்படி ஒரு விதி இங்கேயும் வேண்டும். மனிதவள அமைச்சும் தொழிற்சங்கங்களும் இதைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்