நார்வேயின் எண்ணெய்க்குப் பின்னால் ஒரு வக்கீல்

ஆசிரியருக்கு வணக்கம்.

நார்வே எண்ணெய்ப் பணத்தைச் சேமித்து வைத்த கதையைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். ஆனால் அந்த எண்ணெய் கிடக்கும் கடலடி முதலில் நார்வேக்கு எப்படிச் சொந்தமானது என்பதை யாரும் எழுதுவதில்லை. யென்ஸ் எவென்சன் (1917–2004) என்ற வக்கீலின் பெயர் தமிழில் கண்ணில் படுவதே இல்லை, எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

நார்வேயின் தெற்குக் கரையை ஒட்டிக் கடலுக்கடியில் ஒரு நீண்ட பள்ளம் ஓடுகிறது, சில இடங்களில் 700 மீட்டர் ஆழம். 1958 ஜெனீவா ஒப்பந்தமோ, ஒரு நாட்டுக்குச் சேரும் கண்டத்திட்டுக்கு (கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலப்பரப்புக்கு) 200 மீட்டர் ஆழத்தை ஓர் அளவாக வைத்து, அதற்கு மேல் தோண்டி எடுக்க முடிகிற ஆழம் வரை என்று நழுவலாக விட்டிருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பங்கு பள்ளத்தோடு சரி என்று பிரிட்டன் வாதாடியிருக்கலாம். அப்போது நார்வே வெளியுறவுத் துறையின் சட்டப் பிரிவுக்குத் தலைவர் எவென்சன். பள்ளத்தைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு நாட்டுக் கரைகளுக்கும் சம தூரத்தில் போகும் நடுக்கோட்டையே எல்லையாக வைத்து 1965 மார்ச்சில் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. நான்கு வருடம் கழித்து, 1969இல், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது!

1974இல் நார்வேயின் தொழிற்கட்சி அரசு கடல் சட்டத்துக்கென்றே ஒரு அமைச்சர் பதவியை உண்டாக்கி எவென்சனிடம் கொடுத்தது. ஐ.நா. கடல் சட்ட மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இலங்கையின் ஷெர்லி அமரசிங்க. முறையான கூட்டங்களில் இழுபறியான விஷயங்களை ஒரு சிறிய குழுவாக உட்கார்ந்து வாசகம் வாசகமாகப் பேசித் தீர்க்கப் பார்த்தவர் எவென்சன், அதை எவென்சன் குழு என்றே சொன்னார்கள். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீனும் மற்ற கடல் வளங்களும் அந்தந்த நாட்டுக்கே என்னும் பொருளாதார மண்டலத்துக்கான விதிகளில் அந்தக் குழுவின் உழைப்பு நிறைய இருக்கிறது. நார்வே 1977 ஜனவரி 1 முதல் தன் மண்டலத்தை நடைமுறைப்படுத்தியது.

அப்புறம், நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலில் மீன்பிடிக்க 1978இல் சோவியத் யூனியனோடு அவர் செய்த தற்காலிக ஏற்பாட்டில் அதிகமாக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சொந்த நாட்டிலேயே கடுமையாகத் திட்டினார்கள். அவருக்கு நெருக்கமான உதவியாளராக இருந்த ஆர்னே ட்ரேஹோல்ட் பின்னாளில் சோவியத் யூனியனுக்காக உளவு பார்த்த வழக்கில் தண்டனை பெற்றதும் அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. உதவியாளர் செய்த குற்றத்துக்காக இவருடைய வாழ்நாள் வேலையையே ஒதுக்கி வைப்பது நியாயமில்லை. பேரண்ட்ஸ் எல்லை 2010இல்தான் முடிவானது, அதுவரை அங்கே இரண்டு நாட்டுப் படகுகளும் மீன் பிடிக்க வழி செய்தது அந்தத் தற்காலிக ஏற்பாடுதான்.

1985 முதல் 1994 வரை ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தார். இவரைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள், 1965 எல்லைக்கோட்டைக் காட்டும் வரைபடத்தையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்