வாக்குச்சீட்டில் மூன்றாவது பெயருக்கும் இடம் விடுங்கள்

ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்தின் 236 உறுப்பினர்களுக்கும், குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்ற பேதமில்லாமல்,

வணக்கம்.

இந்த மடலின் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக வரும். தமிழில் எழுதுவது, ஃபுல்ட்டன், ஃபோர்சைத், குவினெட் கவுன்ட்டிகளில் உங்களுக்கு ஓட்டுப் போடும் தமிழர்களும் படிக்கட்டும் என்பதற்காக. தேர்தல் வந்தால் கோயில் வாசலுக்கும் தீபாவளி மேடைக்கும் வந்து கை கூப்புகிறீர்கள். அந்தப் பழக்கத்தின் உரிமையில் ஒரு கேள்வி கேட்கிறேன்.

இரு பெரும் கட்சிகளையும் சேராத ஒருவர் அமெரிக்க அதிபர் பதவிக்கு ஜார்ஜியாவில் நிற்க வேண்டுமென்றால் 7,500 கையெழுத்து போதும். அதே ஆள் அதிபர் ஆசையை விட்டுவிட்டு, மாநிலத்தின் 14 தொகுதிகளில் ஏதோ ஒன்றில் வாஷிங்டனில் இருக்கும் பிரதிநிதிகள் சபைக்கு மட்டும் நிற்கலாம் என்று நினைத்தால் இருபதாயிரத்துக்கும் மேல் கையெழுத்து வேண்டும். முழு மாநிலத்துக்குக் குறைவு, அதில் ஒரு துண்டுக்கு அதிகம். இது எந்த ஊர்க் கணக்கு? அந்த 7,500 கூட நீங்களாக மனமிரங்கிக் கொடுத்ததல்ல. 2016-ல் ஒரு ஃபெடரல் நீதிமன்றம் தலையிட்டதால் வந்தது.

தொகுதி வேட்பாளருக்கான விதி 1943-ல் போட்டது. தொகுதியில் பதிவான வாக்காளர்களில் 5 சதவீதம் பேரின் கையெழுத்து, அதுவும் 180 நாட்களுக்குள். கூடவே 5,220 டாலர் கட்டணம். இந்த விதி வந்த நாளிலிருந்து ஒரு மூன்றாம் கட்சி வேட்பாளர்கூட இந்த வழியாகப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலின் வாக்குச்சீட்டில் ஏறியதில்லை. ஜெயித்ததில்லை என்று சொல்லவில்லை, சீட்டில் பெயரே வந்ததில்லை. 1971-ல் உச்ச நீதிமன்றம் இந்த 5 சதவீதத்தைச் சரி என்றது. லிபர்டேரியன் என்ற மூன்றாம் கட்சியினர் தொடுத்த வழக்கில் 2021-ல் ஒரு நீதிபதி இதை 1 சதவீதமாகக் குறைத்தார். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. ஆகவே நீதிமன்றத்தை நம்பிப் பயனில்லை என்றுதான் உங்களிடம் வருகிறேன்.

காகிதத்தில் 5 சதவீதம் சின்ன எண்தான். தெருவில் அது எப்படி இருக்கும் என்பதை, அட்டையும் பேனாவுமாக நின்றவர்களில் ஒருவனாகச் சொல்கிறேன். ஆல்ஃபரெட்டாவுக்கும் கம்மிங்குக்கும் நடுவே ஓர் இந்திய மளிகைக் கடை, சனிக்கிழமை காலை. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு தாளில் ஒரே கவுன்ட்டிக்காரர்கள்தான் கையெழுத்துப் போடலாம். அதனால் கவுன்ட்டிக்கு ஓர் அட்டை. வருகிறவர் வேறு தொகுதி என்றால் அவர் கையெழுத்து செல்லாது. தன் தொகுதி எண் தெரிந்தவர்களோ நூற்றில் ஒருவர்தான். வீட்டு முகவரி வாக்காளர் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். போன மாதம் வீடு மாறியவர் கணக்கில் வரமாட்டார். கருவேப்பிலைக் கட்டோடு வந்த ஒரு பெரியவரிடம் அட்டையை நீட்டினேன். "தம்பி, நான் இன்னும் கிரீன் கார்டுக்கே வரிசையில நிக்கிறேன். என்னைப் போய் கேக்குறியே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். சாயங்காலம் ஒவ்வொரு தாளுக்கும் கையெழுத்து வாங்கியவர் நோட்டரி முன்னால் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு, தேர்தல் அலுவலகத்தில் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துக் கழிப்பார்கள். கழிவுக்குச் சேர்த்து இன்னும் பல ஆயிரம் அதிகமாக வாங்க வேண்டும்.

உங்களில் யாராவது இப்படி நின்றதுண்டா? நிற்கத் தேவையில்லை. உங்கள் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் பெயர் கொடுத்துப் பணம் கட்டினால் முடிந்தது. உங்களில் பலர் நவம்பரில் எதிராளியே இல்லாமல் ஜெயித்து வந்தவர்கள்.

2021-ல் எஸ்பி 202 என்ற தேர்தல் சட்டத்துக்காக நீங்கள் போட்ட சண்டையை நாடே பார்த்தது. வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கலாமா என்பது வரை மல்லுக்கட்டினீர்கள். அந்தச் சட்டத்தால் பேஸ்பால் ஆல்-ஸ்டார் ஆட்டமே அட்லாண்டாவை விட்டுப் போனது. 98 பக்கச் சட்டம் அது. அதில் அந்த 5 சதவீதம் அப்படியே இருந்தது. அதைப் பற்றி எந்தப் பக்கத்திலிருந்தும் கூச்சல் வரவில்லை. நீங்கள் சண்டை போடாத இடங்களில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம் வருகிறது.

இந்த நாட்டில் வாக்குச்சீட்டை அரசு அச்சடிப்பதே 1888 வாக்கில்தான் தொடங்கியது. அதற்கு முன் கட்சிகளே சீட்டை அச்சடித்துக் கொடுக்கும், வாக்காளர் தனக்கு வேண்டிய பெயரை எழுதியும் போடலாம். மிரட்டலும் காசும் விளையாடின, மறுக்கவில்லை; ரகசிய வாக்கு நல்ல காரியம்தான். ஆனால் அச்சகம் அரசின் கைக்குப் போனதும், யார் பெயரை அச்சடிக்கலாம் என்ற அதிகாரமும் கூடவே போனது. ஜார்ஜியாவுக்கு அது 1922-ல் வந்தது. அதன்பின் இருபத்தோரு ஆண்டுக்கு மேல் உங்கள் முன்னோர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

நான் அரசு சின்னதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள். லிபர்டேரியன் என்பார்கள். "அப்படியானால் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடு" என்பது நண்பர்களின் வழக்கமான அறிவுரை. ஜார்ஜியாவில் 2005 முதல் ஆட்சி அவர்கள் கையில்தான். 2016-ல் இதே சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லித்தரும் வேலையைக் கூலிக்குச் செய்ய வேண்டுமானால் மாநில உரிமம் வேண்டும். உரிமத்துக்குக் குறிப்பிட்ட ஒரே ஒரு சான்றிதழ்தான் செல்லும். அந்தச் சான்றிதழுக்குக் கல்லூரிப் பாடங்களும் நூற்றுக்கணக்கான மணி நேர மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். அந்த மசோதா தேவையில்லை என்று மாநிலத்தின் தொழில் ஒழுங்குமுறை மதிப்பாய்வுக் குழுவே முன்னதாகச் சொல்லியிருந்தது. பல்லாண்டு இதே வேலை பார்த்த பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2023-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்துசெய்தது.

நம் வீடுகளில் பச்சை உடம்புக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் தலையை எப்படி ஏந்துவது என்று பாட்டி சொல்லிக் கொடுப்பாளே, அதைக் கூலி வாங்கிச் செய்ய உரிமம்! இதில் எனக்குப் பிடித்த துணுக்கு ஒன்று உண்டு. அந்த உரிமத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாநிலச் செயலர் அலுவலகத்துடையது. வேட்பாளர் மனுக்களைத் தள்ளுபடி செய்வதும் அதே அலுவலகம்தான். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள், வெளியே நிற்பவர் வரலாமா என்று முடிவு செய்கிற அதே ஏற்பாடு.

மருத்துவமனைக்கும் அப்படித்தான். 1979 முதல் ஜார்ஜியாவில் புது மருத்துவமனை கட்ட அரசிடம் தேவைச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் மருத்துவமனை அதை எதிர்த்து வாதாடலாம். 2024-ல் கொஞ்சம் தளர்த்தினீர்கள், நன்றி. படம் எடுக்க வரும் ஸ்டுடியோக்களுக்கு மட்டும் கதவு அகலத் திறந்திருக்கிறது: ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டாலர் வரிச் சலுகை.

மாநிலத்தில் இப்படி என்றால் வாஷிங்டனுக்கு நீங்கள் அனுப்பும் 14 பேரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த 14 இடங்களுக்கான வாசலில் காவல் நிற்பது உங்கள் 1943 சட்டம் என்பதால் அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஃபெடரல் அரசு கடைசியாக உபரி பார்த்தது 2001 நிதியாண்டில். அப்புறம் புஷ், ஒபாமா, ட்ரம்ப், பைடன், மறுபடி ட்ரம்ப். 2025 அக்டோபரில் கடன் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. 2024 நிதியாண்டில் கட்டிய வட்டி ராணுவச் செலவைவிட அதிகம். 2022 டிசம்பரில் 4,155 பக்கச் செலவு மசோதா 20-ஆம் தேதி விடியற்காலையில் வெளியானது. 23-ஆம் தேதி சபையில் நிறைவேறிவிட்டது. அதற்கு ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று கேட்பதே அநாகரிகம்.

2024 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் நடந்த ஒரு வாக்கெடுப்பு இதையெல்லாம்விட என்னை உறுத்துகிறது. வெளிநாட்டவரைக் கண்காணிக்கும் ஃபெடரல் உளவுச் சட்டத்தின் 702-ஆம் பிரிவில் சிக்கும் அமெரிக்கர்களின் செய்திகளைத் துழாவ நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்று ஒரு திருத்தம். ஆதரவு 212, எதிர்ப்பு 212. சமநிலை என்பதால் தோற்றது. குடியரசுக் கட்சியினர் 86 பேரும் ஜனநாயகக் கட்சியினர் 126 பேரும் கைகோத்து எதிர்த்தார்கள். சென்னையில் இருக்கும் அம்மாவிடம் தினமும் போனில் பேசுகிற ஆளுக்கு இது சட்டப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் விஷயமல்ல. ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால் போதும். அந்த ஓர் ஓட்டாக இருக்கக்கூடியவர் ஜார்ஜியாவில் நிற்கவே முடியாதபடி பார்த்துக்கொண்டது நீங்கள்.

உங்கள் பக்கத்து வாதங்களும் தெரியும். வாசலைத் திறந்தால் சீட்டு நிரம்பி வழியும் என்பீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அதையும் பார்த்திருக்கிறோம். 1996 தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சி தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகளின் எதிர்ப்பு அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்துத் தேர்தலை நடத்தி முடித்தார்கள். பிறகு டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். இன்றைக்கும் ஒரு சுயேச்சையை முன்மொழியப் பத்துப் பேர் போதும். (அங்கே அரசு சின்னது என்று சொல்ல வரவில்லை. ரேஷன் கடை முதல் டாஸ்மாக் வரை அரசே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஊர் அது.) பத்துக்கும் இருபதாயிரத்துக்கும் நடுவில் எவ்வளவோ எண்கள் இருக்கின்றன.

ஓட்டைப் பிரிப்பார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. மாநிலம் முழுவதற்குமான பதவிகளில் லிபர்டேரியன் கட்சிக்குச் சீட்டில் இடம் உண்டு. அதனால் 2020 செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பெர்டியூ ஜெயிக்கத் தேவையான பாதியைத் தாண்டாமல் 49.7 சதவீதத்தில் நின்று, மறுசுற்றில் ஜனநாயகக் கட்சியின் ஆசஃபிடம் தோற்றார். 2022 செனட் தேர்தலில் லிபர்டேரியன் வேட்பாளர் சேஸ் ஆலிவர் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியதால் ஜனநாயகக் கட்சியின் வார்னாக்கும் குடியரசுக் கட்சியின் வாக்கரும் டிசம்பரில் மறுபடி மோத வேண்டியிருந்தது. ஆலிவருக்கு விழுந்த ஓட்டு ஆலிவருக்கு விழுந்த ஓட்டு. அது யாரிடமிருந்தும் களவு போனதல்ல.

மறுசுற்றுச் செலவும் அலைச்சலும் உண்மைதான். அதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. அதே எஸ்பி 202-ல் ராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர்களுக்கும் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தும் சீட்டைக் கொடுத்தீர்கள். மறுசுற்று வந்தால் அவர்கள் திரும்ப ஓட்டுப் போட வேண்டியதில்லை. ஜெர்மனியில் இருக்கும் சிப்பாய்க்குப் புரிகிற சீட்டு இங்கே டிகேட்டரில் இருக்கும் ஆசிரியைக்குப் புரியாதா?

கேட்பது இவ்வளவுதான். தொகுதிப் பதவிகளுக்கான 5 சதவீதத்தை எடுத்துவிட்டு ஐந்நூறோ ஆயிரமோ, நியாயமான ஒரு கையெழுத்து எண் வையுங்கள். கவுன்ட்டிக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு நோட்டரி என்பதைக் கைவிடுங்கள். வரிசைப்படுத்தும் சீட்டை எல்லோருக்கும் கொடுங்கள். மூன்றில் இது கடினமானது என்று தெரியும், முதல் இரண்டையாவது செய்யுங்கள்.

ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை கூடுகிறீர்கள், 40 நாள் அவகாசம். 28-ஆம் நாளுக்குள் ஓர் அவையையாவது தாண்டாத மசோதா அந்தக் கூட்டத்தொடரில் தேறாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழுவில் போட்டுத் தூங்கவைப்பதுதான் வழக்கம். இந்த முறை அவைக்குக் கொண்டுவந்து பெயர் சொல்லி ஓட்டெடுங்கள். எதிர்த்துப் போட்டாலும் சரி, யார் யார் எதிர்த்தார்கள் என்பது பதிவில் இருக்கட்டும். கோயில் வாசலுக்கு வரும்போது அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஃபோர்சைத் கவுன்ட்டியிலிருந்து,
எந்தக் கட்சியையும் சேராத ஒரு வாக்காளர்