கண்ணாடி விற்காமல் அனுப்பிய அம்மிணிக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம் எங்களுடையது. அம்மா கோவையில் வைத்தியம் முடிந்து வீடு திரும்பி நாலு மாசம் ஆகிறது. தறியை விட்டு நகர முடியவில்லை, அதனால் நேரில் சொல்ல வேண்டிய நன்றியை எழுதுகிறேன்.

முதல் நன்றி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அம்மிணிக்கு. அம்மாவுக்கு இடது கண்ணுக்குப் பின்னால் வலி, இரண்டே நாளில் இமை பாதி இறங்கிவிட்டது. முதலில் போன இடத்தில் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பவர் மாறியிருக்கும் என்று நானாக நினைத்துக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பெண் இரண்டு கண்ணிலும் மாறி மாறி டார்ச் அடித்துப் பார்த்தார். "இந்தக் கண்ணுல பாப்பா பெருசா இருக்குதுங்கண்ணா, வெளிச்சம் பட்டும் சுருங்கல. கண்ணாடி வேண்டாம், இன்னைக்கே நரம்பு டாக்டர்கிட்டப் போங்க" என்றார். ஒரு ரூபாய் வாங்கவில்லை.

அன்று ராத்திரியே கார் எடுத்த பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு அடுத்த நன்றி. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தார். திட்டு வாங்க வேண்டியவன்தான்.

மூளைக்குள் ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் நைந்து ஏழு மில்லிமீட்டருக்குப் பலூன் மாதிரி உப்பி, இமையைத் தூக்கும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. வெடிக்கவில்லை. டாக்டர் தாளில் படம் போட்டு விளக்கினார். மண்டையைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றி, உப்பலுக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்புவார்களாம். அம்மாவுக்கு உப்பலின் வாய் அகலம். வெறும் சுருள் வைத்தால் வெளியே சரிந்துவிடும் என்பதால், வாய்க்குக் குறுக்கே வலை மாதிரி ஒரு ஸ்டென்ட்.

முப்பது வருஷம் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிய அம்மாவுக்கு இது என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது. "நூல் சரியாமப் பிடிச்சுக்கறக்கு வலை, அப்படித்தானுங்க? கம்பி துரு ஏறாதுங்களா?" என்று கேட்டார். பிளாட்டினத்துக்கு ஏதுங்கம்மா துரு என்றார் டாக்டர். "கழுத்துல போட வழியில்ல, மண்டைக்குள்ள போடறீங்க!" அந்த டாக்டருக்கும் குழுவுக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

சிறு மின்சாரம் பாய்ச்சியதும் கம்பியிலிருந்து கழன்று உள்ளேயே தங்கும் இந்தச் சுருளை, இத்தாலிக்காரரான குய்டோ குக்லியெல்மி 1990-ல் அமெரிக்காவில்தான் முதன்முதலாக நோயாளிக்கு வைத்தார். எங்கள் ஊர்ப் பேர் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவருக்கும் ஒரு கும்பிடு.

காப்பீட்டு அட்டைக் கவுன்டரில் மூன்று முறை ஃபாரம் திருத்திக் கொடுத்த தம்பிக்கும், ரத்தம் கொடுக்க வந்து காத்திருந்த காலேஜ் பசங்களுக்கும், கேட்காமலே முன்பணம் நீட்டிய தறி முதலாளிக்கும் நன்றி. அப்புறம் அந்த ராத்திரி நர்ஸ் அக்கா. குழாய் போட்ட காலை அம்மா மடக்காமல் இருக்க ஆறு மணி நேரம் கதை பேசியே பார்த்துக்கொண்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது ஓர் அட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்: "பல் பிடுங்கப் போனாலும் எங்களைக் கேட்காமல் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நிறுத்தக் கூடாது." ஸ்டென்ட் கம்பியில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் அந்த மாத்திரைகள். அட்டை இப்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இமை முழுசாக ஏறிவிட்டது. படிக்கிற கண்ணாடி ஒன்று வேண்டும், அந்தக் கடையில்தான் வாங்குவேன் என்கிறார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை தறி லீவு. கடை திறந்திருந்தால் வருகிறோம், அம்மிணி.